தொட்டி கழுவிய வெள்ளிக்கிழமை

குடவாசலில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஆறு தங்கமீன்கள் இருந்தன. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; வளைகுடாவில் வேலை பார்த்த அத்தா, விடுப்பில் வந்தபோது கும்பகோணத்தில் வாங்கித் தந்தவை. அவர் திரும்பிப் போன மூன்றாம் மாதம், உப்புத் தூளைத் தூவியதுபோல மீன்களின் துடுப்பில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. ஒரு வாரத்தில் ஐந்து செத்தன. மிஞ்சிய ஒன்றை, கடைக்காரர் கொடுத்த நீல மருந்து கலந்த வாளியில் விட்டோம். தொட்டியையே தூக்கிப் போட்டுவிடலாம் என்றார் அம்மா. நான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை அத்தாவுக்கு லீவு. வீடியோ காலில் வந்து விவரம் கேட்டார். "தூக்கிப் போடாத. நான் சொல்றபடி செய்" என்றார்.

கொல்லையில், முருங்கை மரத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்தோம். செத்த மீன் கிடந்த தண்ணீரை வாய்க்காலில் கொட்டக் கூடாது, அங்கிருக்கும் மீனுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார். பழைய ஸ்பாஞ்சைக் குப்பையில் போடச் சொன்னார். கூழாங்கற்களை அம்மா தனிப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தார்.

"சோப்பு போடவாங்க?" என்று கேட்டார் அம்மா.

"சோப்பே வேணாம். ஒரு வாளித் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் ப்ளீச்சிங் பவுடர். தெளிஞ்ச தண்ணிய மட்டும் தொட்டில ஊத்து. கைக்குப் பையைக் கட்டிக்க. ஒரு மணி நேரம் ஊறட்டும்."

ப்ளீச்சிங் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்த தொட்டியின் விளிம்பில் வெள்ளையாய் உப்புக்கறை படிந்திருந்தது. உதவி செய்வதாக நினைத்து, குளியலறையிலிருந்து ஆசிட் பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திருகினேன்.

"ஏய்! கீழ வை! வைம்மா கீழ!"

அத்தா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அம்மா பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடுங்கினார். முதுகில் ஓர் அடியும் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில் அத்தா சொன்னார்: "ரெண்டும் சேந்தா விஷப்புகை வரும்மா. எங்கூட இருந்த ஒருத்தன் அப்படிக் கலந்துட்டு பாத்ரூம்லயே விழுந்துட்டான். பொழச்சது பெரும்பாடு."

"ஆபீஸ் பாத்ரூம்லயா அத்தா?"

"ஆமாம்மா."

அம்மா ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ போய்க் கல்லை அலசு" என்றார்.

வாசனை போகும்வரை தொட்டியை ஐந்தாறு முறை அலசி, மூன்று நாள் வெயிலில் காய வைத்தோம். வாளியில் இருந்த மீனின் புள்ளிகள் மறைந்து, அது தெளிந்து பல நாள் ஆன பிறகே தொட்டிக்குத் திரும்பியது. முதலில் மூலையில் ஒதுங்கி நின்றது. மறுநாள் இரை தின்றது.

வகுப்பில் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். எங்கள் அத்தா அங்கே மேனேஜர், அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று பெருமையடித்தேன். அவர் ஒரு பெரிய கட்டடத்தில் கழிப்பறை கழுவும் வேலையில் இருந்தார் என்பது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மேனேஜர் ஒருவருக்கு ப்ளீச்சிங் பவுடரின் அளவு இத்தனை மனப்பாடமாக இருப்பது ஏன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அம்மா சட்டென்று ஃபோனைத் திருப்பியதைக்கூட, என் மேல் இருந்த கோபம் என்றுதான் நினைத்தேன்.