அம்மா குரலில் ஒரு ஆராய்ச்சி

ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுப்பதும் ஒரு வேலைதான். லீவு கிடையாது, சம்பளம் பிஸ்கட். ஊசிக்குக் கை நீட்டிக் காத்திருக்கும் சக தியாகிகளே, உங்களைச் சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் முதலில் ரத்தம் எடுக்கணும்.

ஊசிக்கு முன்

எனக்கு இருப்பது அபூர்வ நோய். என் உடம்பின் காவல்படை என் ரத்தக் குழாய்களையே அடிக்கும். மருந்துக்கு அடங்கும், பிறகு சொல்லாமல் திரும்பி வரும். அந்த வருகையை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் வருடக்கணக்காக இந்த ஆராய்ச்சி.

ரத்தம் எடுக்கும் மணி அண்ணன் நரம்பு கிடைக்காமல் என் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, பெரிய டாக்டர் குரலில், இன்னுமா முடியவில்லை என்று அதட்டினேன். துள்ளி எழுந்து விறைப்பாக நின்றார். பின்னால் யாருமில்லை. மெதுவாக உட்கார்ந்தார்.

"இன்னா பாப்பா, ஊசி என் கையிலதான் கீது, ஞாபகம் வெச்சிக்க."

இதற்கே சிரித்துவிடாதீர்கள். பொறுங்கள்.

வராந்தா

பூந்தமல்லியில் மெத்தைக்கடை வைத்திருக்கும் பாய்க்கும் இதே நோய். மறுபடி எப்போது வரும் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். இன்னும் தகவல் சேரவேண்டும் என்றாராம். பாய் என் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"மழை வர்றதையாவது ரெண்டு நாள் முன்னாடி சொல்றான். இவங்க ரத்தத்தை வாங்கி வெச்சிகினு வானத்தைப் பாக்கறாங்கம்மா."

செவ்வாய்க்கிழமை போன்

வாராவாரம் ஆராய்ச்சியிலிருந்து ஸ்டெல்லா அக்கா அம்மாவுக்குப் போன் போடுவார். மூக்கில் ரத்தம் வந்ததா, மூட்டு வலிக்கிறதா, குரல் கம்முதா என்று கேட்பார். அம்மா அந்நேரம் அம்பத்தூரில் ஷிப்டில் இருப்பாள். சேக்காட்டில் எங்கள் வீட்டில், பள்ளி விட்டு வந்த என்னிடம்தான் அவள் போன் இருக்கும். அம்மா குரலில் நானே என்னைப் பற்றிப் புலம்புவேன்: சாப்பிடறதே இல்ல மேடம், வாய் மட்டும் குறையல. அக்கா ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

பள்ளி ஆண்டுவிழா வாரம். மேடையில் என் மிமிக்ரி. முந்தின நாளிலிருந்து குரல் கம்மிக் கிடந்தது. சொன்னால் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிடுவார்கள், மேடை போச்சு. அதனால் அம்மா குரலில், அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்ல மேடம் என்றேன். அக்கா பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"வாராவாரம் ராத்திரி உங்கம்மாகிட்டயும் பேசிட்டுதான் எழுதிக்கறேன், கண்ணு. எப்பவும் அச்சு அசலா அம்மாவா பேசுவ, இன்னிக்கு அம்மா குரல் உனக்கு ஏறவே இல்ல. தொண்டையைக் காட்டணும், அம்மா கம்பெனிக்குப் போன் போட்டு அவங்கள வரச் சொல்றேன், கிளம்பு."

இத்தனை வருட ரத்தம் சொல்லாததை என் மட்டமான மிமிக்ரி சொல்லிவிட்டது, ஏமாந்தது நான்தான் என்று புரிந்ததும் சிரிப்பு வந்தது, அதுவும் கம்மலாக.