துரை வீட்டுப் பின்புறத்தில் பிளாஸ்டிக் புல்

புல் விற்கிற அளவுக்கு நான் வந்துவிட்டேன், தெரியுமா?

பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவனுக்குப் புல்லோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கொழும்பில் கிடைக்காத பொருளே இல்லை. அங்கே கம்பள வியாபாரம் செய்கிற என் மச்சான் மூலமாக, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றை நிர்வகிக்கிற பெரிய துரைக்குப் பிளாஸ்டிக் புல் வரவழைத்துக் கொடுத்தேன். இரண்டு பெரிய சுருள்கள். லொறியிலிருந்து இறக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள்.

எதற்கு என்கிறீர்களா? துரைக்குக் கோல்ஃப் பைத்தியம். பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விழவைக்கிற கடைசிக் கட்டம் இருக்கிறதே... அதைப் பழகிக்கொள்ள பங்களாவின் பின்புறத்தில் ஒரு தரை வேண்டுமாம். சுற்றிலும் மலை முழுக்கப் பச்சை. அதன் நடுவே காசு கொடுத்து வாங்கிய பச்சை. வியாபாரி நான், குறுக்கே பேசுவேனா?

தரை போடும் பொறுப்பு சன்னாசியிடம். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துவிடாமல் இருக்க வெட்டுகிற வாய்க்காலைத் தோட்டத்தில் ‘கான்’ என்பார்கள். சன்னாசி முப்பது வருடமாகக் கான் வெட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

அவருக்கு இந்த வேலையில் ஒரே ஓர் ஆசைதான். மகள் செல்வராணிக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் நிரந்தர வேலை. மூன்று வருடமாகக் கேட்டும் நடக்கவில்லை. இப்போது துரையே சொல்லியிருந்தார்: “இதை ஒழுங்கா முடி சன்னாசி. மகள் பேரைப் பதியலாம்.”

நிபந்தனை ஒன்றுதான். தரை மேசை மாதிரி மட்டமாக இருக்கவேண்டும்.

மண்ணை வெட்டி, சரளை கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்தார்கள். துரை ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. அவர் திருப்தியோடு உள்ளே போய்விட்டார். அதன்மேல் போடவேண்டிய கல்தூளைச் சன்னாசி தன் கையாலேயே பரப்பினார். பிறகு புல்லை விரித்தோம், இணைப்பை ஒட்டினோம், பால்மா டின் ஒன்றைக் குழியாக இறக்கினோம்.

அடேயப்பா, என்ன அழகு! பங்களாத் தோட்டக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாசத்துக்கு எத்தன தடவ ஒரம் போடணும் மொதலாளி?” என்று கேட்டார். நானும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

பசை காய்ந்ததும், ஞாயிறன்று துரை ஒரு விருந்தாளியை அழைத்திருந்தார். நுவரெலியாவில் வெள்ளைக்காரத் துரைமாரோடு ஆடிப் பழகிய பெரியவர். விற்றவன் என்ற உரிமையில் நானும் போயிருந்தேன். சன்னாசி சமையல் நடக்கிற குசினி வாசலில் நின்றார்.

துரை பந்தைத் தட்டினார். நேராகப் போன பந்து, குழியை நெருங்கும்போது இடது பக்கமாக நழுவிப் போய்விட்டது. மறுபடி தட்டினார். மறுபடியும் இடது பக்கம். மூன்றாவது தடவையும் அப்படியே.

துரையின் முகம் சிவந்தது. “என்னா வேலை சன்னாசி இது? மட்டமா போடச் சொன்னேன் இல்லையா?”

“மட்டமாத்தாங்க போட்டேன் தொரை. கடேசியில கை கொஞ்சம் சாய்ச்சிருச்சுங்க.”

“கை சாய்ச்சிருச்சா?”

“தண்ணி போக வழி வேணுமுங்களே...”

முப்பது வருடப் பழக்கம். மலையில் எந்த மண்ணையும் அந்தக் கை மட்டமாக விட்டதில்லை. எங்கே விடும்?

“நாளைக்கே எல்லாத்தையும் பிரிச்சுப் போடு. மகள் பேச்சை இனிமே எடுக்காதே.”

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் புல்லை விற்றிருக்கவே வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

அதுவரை வாய் திறக்காத பெரியவர் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையோடு தரையாகப் பார்வையை ஓட்டினார். “பிரிக்கிறதா? மட்டமா இருந்தா மழைக்குத் தண்ணி நிக்கும். நல்ல தரை எல்லாம் இப்படித்தான் சாயும். இது கண்ணுக்கே தெரியல்ல. யார் போட்டது... கொழும்பு இஞ்சினியரா?”

நான்தான் சன்னாசியைக் காட்டினேன்.

பெரியவர் அவரைக் கூப்பிட்டார். சன்னாசியும் பக்கத்தில் குந்தி, அதே மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர் கோல்ஃப் ஆடியவர், மற்றவர் கான் வெட்டியவர். பார்வை ஒன்றாகவே இருந்தது.

“எந்தப் பக்கம் அடிக்கலாம்?” என்று பெரியவர் கேட்டார்.

“இங்கிட்டு ஒரு சாண் தள்ளி விடுங்க. அது தானா எறங்கி வந்துரும்.”

பெரியவர் தட்டினார். பந்து குழிக்குச் சம்பந்தமே இல்லாத பக்கம் போனது... வளைந்தது... டின்னுக்குள் ‘டங்’ என்று விழுந்தது. அடுத்து துரை, சன்னாசி விரல் காட்டிய இடத்தைப் பார்த்துத் தட்டினார். ‘டங்’!

படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துப் பிரமித்திருக்கிறேன். கல்தூளைத் தடவிய ஒரு கையைப் பார்த்து வாயடைத்துப்போனது அன்றுதான்.

துரை மட்டையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: “மகள் பேர் என்னா சொன்னே?”

“செல்வராணிங்க.”

போன ஞாயிறு அப்பாவும் மகளும் என் கடைக்கு வந்தார்கள்.

“வாங்க சன்னாசி, என்னா வேணும்?”

“புள்ளைக்கு மழைக்குப் போத்திக்கக் கம்பளி ஒண்ணு குடுங்க மொதலாளி. பேர் பதிஞ்சாச்சு, நாளைக்குக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகுது.”

கடையில் இருந்ததிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தேன். என்ன விலைக்கு என்று மட்டும் கேட்காதீர்கள் — பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை என் மனைவியும் வாசிக்கிறாள்.