சென்னியப்பன் கையிலிருந்த மஞ்சள் சாக்பீஸ்

சென்னியப்பன் இறந்த செய்தி நம் கார்க்காரர்கள் வாட்ஸாப் குழுவின் வழியாகத்தான் எனக்கும் வந்தது. காலையில் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனை எடுத்துப் பார்த்தால், "நமது முன்னாள் உறுப்பினர் பெரியநாயக்கன்பாளையம் சென்னியப்பன் அவர்கள் இன்று காலை மாரடைப்பால் காலமானார்" என்று செந்தில் போட்டிருந்தார். முன்னாள் உறுப்பினராம்! அவராகவா விலகிப் போனார்? நீக்கியவன் நான். அதற்குக் கைதட்டியவர்கள் நீங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை பேரும் கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டுத் தீர்த்துவிட்டீர்கள். நடுவில் ஒருவர் புகுந்து, கறுப்பு அலாய் வீல் மாட்டினால் மைலேஜ் குறையுமா என்று கேட்டார். அதற்கும் ஏழெட்டுப் பேர் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்க நாலு வரி எழுதித் தாருங்கள் என்று செந்தில் கேட்டார். "அச்சாபீஸ் வெச்சிருக்கறீங்க, உங்களுக்கு நல்லா வருமுங்ணா" என்றார். நாலு வரியில் இது அடங்காது. நல்லது மட்டும் எழுதவும் எனக்கு இப்போது மனம் வரவில்லை. கேட்கச் சங்கடமாக இருந்தால் எழுந்து போய் டீ குடியுங்கள்.

அவரைப் பார்த்திராத புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். சென்னியப்பன் ஒரு பவுண்டரியில் பம்புசெட்டுக்கான வார்ப்புகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழுதான வார்ப்பின் மேல் மஞ்சள் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவதுதான் முப்பது வருடமாக அவர் செய்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் சாக்பீஸ் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. அவரிடம் இருந்தது ஒரு பழைய வெள்ளை டீசல் கார். கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடியே இருக்கும். ஒரு ஸ்டிக்கர்கூடக் கிடையாது.

தொண்டாமுத்தூர்த் தோப்பில் மாதம் ஒருமுறை நாம் கூடி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவரவர் வண்டிக்குச் செய்ததைப் பீற்றிக்கொள்வோமே, அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். டீ தம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை. என் வண்டி அருகில் குத்தவைத்து உட்கார்ந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தார். எழும்போது டயரில் ஒரு மஞ்சள் பெருக்கல் குறி இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்று காலைதான் டயருக்குப் பாலிஷ் போட்டிருந்தேன்.

"ஏனுங்க, கேக்காமக் கொள்ளாம கிறுக்கி வெச்சுட்டீங்க?" என்றேன்.

"மேல பாலிஷ் போட்டா வயசு மறைஞ்சிருமுங்களா? பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்குது பாருங்க. மொத ரெண்டும் வாரம், பொறவு ரெண்டும் வருசம். இந்த டயரு ரெண்டாங்கிளாஸ் படிக்கோணுமுங்க இப்ப" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் எரிந்துகொண்டே. மறுவாரம் டயர்க்கடையில் கழற்றிப் பார்த்தால் உட்பக்கம் முழுக்க வெடிப்பு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. புது டயர் மாட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். அவர் பார்த்தார், டயரில் 'சரி' குறி போட்டுவிட்டு நகர்ந்தார்.

குறை சொல்லிவிட்டுப் போகிற ஆள் என்றுதான் பலரும் அவரைப் பற்றிப் பேசினீர்கள். அது பொய். செந்தில் தன் வண்டிக்கு ஊரையே கண்கூச வைக்கும் முகப்பு விளக்கு மாட்டி வந்தார். சென்னியப்பன் பானெட்டுக்குள் கைவிட்டு ஒயரைத் தொட்டுப் பார்த்து, "அட கெரகமே! இட்லிப் பானையாட்டம் கொதிக்குதுங்க தம்பி. வெளக்குதான் பெருசு, ஒயரு பழைய ஒயருதானுங்க" என்றார். சொன்னதோடு விட்டாரா? தன் வண்டியிலிருந்து கருவிப் பையை எடுத்து வந்து, மத்தியான வெயிலில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, தனி ஒயர் இழுத்து, ரிலே வைத்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் நாம் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஒயரிங்கில்தான் செந்திலின் வண்டி இன்றும் ஓடுகிறது. அவருக்கு அது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை.

இனி, நீக்கிய கதைக்கு வருகிறேன்.

நம் குழுவின் மூன்றாம் ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் ஒரு அன்பளிப்பு தரவேண்டும் என்று செந்தில் சொன்னார். சாவிக்கொத்து கொடுப்பது பழசாகிவிட்டதாம். அப்போது வந்த யோசனைதான் அந்தக் கிளிப். சீட் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் வண்டி கத்துகிறது அல்லவா, அதன் வாயை அடைப்பதற்கென்றே விற்கும் ஓர் உலோகத் துண்டு. பெல்ட்டின் நாக்கை மாட்டும் இடத்தில் இதைச் செருகிவிட்டால், பெல்ட் போட்டாயிற்று என்று வண்டி ஏமாந்து சத்தத்தை நிறுத்திக்கொள்ளும். அறுபது கிளிப் வாங்கினோம். அதன் மேல் குழுவின் முத்திரையை அச்சடித்தவன் நான். உலோகத்தில் மை நிற்க வேண்டுமே! மூன்று நாள் பாடுபட்டு, நகத்தால் சுரண்டினாலும் போகாதபடி தங்க நிறத்தில் அடித்தேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

விழாவன்று கிளிப் பெட்டிகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தோம். சென்னியப்பன் ஒன்றைத் திறந்து பார்த்தார்.

"ஏனுங்க, இத யாருங்க யோசிச்சது?"

"பெல்ட் சத்தம் பெருந்தொல்லைங்ணா. பக்கத்துச் சந்துக்குப் போறதுக்குக்கூடக் கத்துது" என்றார் செந்தில்.

"நமக்காகத்தானுங்க அது கத்துது. அது வாயில துணிய அடைச்சுப்போட்டு, அதுக்கு நம்ம முத்திரை வேறயாங்க?"

சொல்லிவிட்டு சாக்பீஸை எடுத்தார். அறுபது பெட்டிகளிலும் ஒன்று விடாமல் பெருக்கல் குறி போட்டார். நாம் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பெட்டியைத் துடைத்துத் துடைத்துத்தான் பிறகு எல்லோருக்கும் கொடுத்தோம். மூன்று நாள் உழைப்பை ஒரு மனுஷன் பழுது என்று தள்ளிவிட்டார் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அன்று சாயங்காலம் குழுவில் ஆறு நிமிடத்துக்கு ஒரு குரல்பதிவு போட்டார். ரெண்டு நிமிடம்தான் கேட்டிருப்பேன். அவரை நீக்கிவிட்டேன். நாற்பது பேர் கைதட்டினீர்கள். "சூப்பர்ங்ணா, இனி நிம்மதி" என்று எழுதியவர் யாரென்று சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும்.

அடுத்த முகூர்த்த மாதத்தில் தாராபுரத்தில் ஒரு கல்யாணம். என் மனைவி கோமதி வண்டியில் ஏறியதும் வழக்கம்போல் பெல்ட்டைப் போட்டாள். புதுப் பட்டு. "பெல்ட்ட எடுத்துப்போடு அம்மணி, சீலை கசங்கீரும்" என்று சொன்னவன் நான். "வண்டி கத்துமேங்க" என்றாள். "அதுக்குத்தான் நம்ம கிளிப் இருக்குதே" என்று நானே செருகினேன். ஊருக்குச் சற்று முன்னால் வெள்ளாட்டுக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. ஒடித்தேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வண்டி மோதியது. பெல்ட் போட்டிருந்த எனக்கு மார்பில் ஒரு சிவப்புக் கோடு. கோமதிக்குத் தாடை ரெண்டு இடத்தில் உடைந்தது. இடது கண்ணில் பார்வை போனது.

இது உங்களுக்குப் புதுச் செய்தி. ஏனென்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் குழுவில் எழுதியது வேறு. "பெல்ட் போட்டிருந்ததால் இருவரும் உயிர் தப்பினோம்" என்று எழுதினேன். நீங்கள் இதயங்களாக அனுப்பினீர்கள். உங்களை ஏமாற்றினேன். கிளிப்பை அடித்துக் கொடுத்தவன் வண்டியிலேயே இப்படி ஆயிற்று என்று தெரிந்தால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் சென்னியப்பன் வந்தார். யார் சொல்லித் தெரிந்ததோ! நசுங்கிய வண்டி நின்ற இடத்துக்குத் தானே போய், கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளி விளக்கையும், வண்டிக் காகிதங்களையும், கோமதியின் ஒற்றைச் செருப்பையும் எடுத்து வந்திருந்தார். கோமதியை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கிளிப். அதன் மேல் மஞ்சளில் ஒரு பெருக்கல் குறி.

"அம்மணி சீட்டுல மாட்டி இருந்துச்சுங்க. புடுங்கிட்டு வந்துபோட்டேன்" என்றார். என் விரல்களை அவரே மடக்கி மூடினார். "குரூப்புல நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னாக் குத்திக் காட்டறாப்பல ஆயிப்போகும். இன்னும் அம்பத்தொம்பது வண்டில இது கெடக்குதுங்க. எல்லா வண்டிலயும் ஒரு அம்மணி உக்காருமுங்க."

"சொல்றேனுங்க" என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார். கோமதியின் உடம்பை விசாரித்துவிட்டு, "சொல்லிப்போட்டீங்களா?" என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதமும் கேட்டார். அதே பதில்தான். மூன்றாவது முறை கோமதியைப் பற்றி மட்டும் கேட்டார், "சரி, வாரேனுங்க" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அவர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. டயருக்காக என்னை ஊரார் முன்னால் சிரிக்க வைத்த மனுஷன், இதற்கு மட்டும் ஏன் என் மானத்தைப் பார்த்தார்? என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தியிருக்கலாம். உங்களில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்காக வாயை மூடிக்கொண்டார், மூடியபடியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரங்கல் பிளெக்ஸ் அடிக்கும் வேலையும் எனக்கே வந்தது. "எங்கள் குழுவின் தூணே" என்று போடச் சொன்னார் செந்தில். போட்டேன். அவர் தலைக்கு மேலே அதே தங்க முத்திரை. அச்சாபீஸில் அது காய்ந்துகொண்டிருந்தபோது கோமதி சாப்பாடு எடுத்து வந்தாள். நின்று முழுக்கப் படித்தாள்.

"எனக்கு ஒரு கண்ணுலயே நல்லாத் தெரியுதுங்க, இதுல இருக்கறது பூராப் பொய்யின்னு. அந்த மனுசன் உங்களுக்காக வாயக் கட்டிட்டுக் கெடந்தாரு. நீங்க பிளெக்ஸ் அடிக்கறீங்க" என்றாள். சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் சாப்பிடவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவர் வீட்டுக் கொட்டகைக்குள் அந்த வெள்ளைக் கார் நின்றது. பின் டயர் ஒன்றில் மஞ்சள் பெருக்கல் குறி. "இந்த மாசம் மாத்தோணும்னு அவரே போட்டு வெச்சிருந்தாருங்க" என்று அவர் வீட்டம்மா அழுதார். தன் டயருக்கும் அவர் சலுகை காட்டவில்லை. நாம் வைத்த மாலையில் நம் முத்திரை பளபளத்தது. அதை யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து, நான் பாதியில் நிறுத்திய அந்தக் குரல்பதிவைத் தேடி எடுத்து மீதி நாலு நிமிடத்தையும் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கடைசியில் இப்படிச் சொல்லி முடித்திருக்கிறார்: "அச்சு நம்ம துரைசாமி அடிச்சதுங்க. கை சுத்தம், பழுது சொல்ல முடியாது. அதையே வேற எதுலயாச்சும் அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. நானே பத்து வாங்கிக்கறேன்."

நான் அதைக் கேட்பதற்கு முன்பே அவரை நீக்கியிருந்தேன்.

இதை வாசித்து முடித்ததும் தோப்பு வாசலில் போய் நிற்பேன். அவர் வீட்டம்மாவிடம் கேட்டு அவருடைய சாக்பீஸில் ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். வெளியே போகும் ஒவ்வொரு வண்டியின் கதவையும் திறந்து பார்ப்பேன். கிளிப் இருந்தால் பானெட்டின் மேலேயே பெருக்கல் குறி விழும், பாலிஷ் போட்டிருந்தாலும் சரி. கோபம் வந்தால் என்னையும் நீக்கிவிடுங்கள். செந்திலும் அட்மின்தான், ஒரு நொடி வேலை.

எழுதியதைக் கோமதிக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். "போன மாசம் எழுதியிருந்தா அவரும் கேட்டிருப்பாருங்க" என்றாள்.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சாக்பீஸும், அவர் என் கையில் வைத்த கிளிப்பும்தான். இத்தனை நாள் கிளிப்பைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று எடுத்துப் பார்த்தேன். அவர் போட்ட மஞ்சள் குறி தேய்ந்து போய்விட்டது. நான் அடித்த முத்திரை அப்படியே இருக்கிறது.