கூடையில் கட்டிய மணி

என் மகள் லில்லி மூடுபனிக்குள் போய்விட்டாள். நாலு வயதுப் பிள்ளை. கீழே ஆறு பெருகி ஓடுகிறது. மேலே எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலை, தேயிலைக்கு மேல் வெள்ளையாகப் பனி. மலை முழுக்க ஆட்கள் அவள் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள். பெற்றவள் நான் ஒருத்திதான் வாய் திறக்காமல் நிற்கிறேன். திறக்க முடியாமல் நிற்கிறேன்.

அன்பானவர்களே, அந்த ஒரு பகலைத்தான் சாட்சியாக எழுதுகிறேன். ஆராதனையில் எழுந்து நின்று சொல்லுங்கள் என்று பல வருஷமாகக் கேட்கிறீர்கள். எழுந்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துக் காட்டுங்கள். நான் பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

இது நடந்தது இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில், ஐம்பதுகளின் கடைசி வருஷங்களில். தீபாவளி முடிந்து சனங்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். நான் கொழுந்தெடுக்கிறவள். என் வீட்டுக்காரர் யாக்கோபு ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற இடத்தில் வேலை.

அந்தக் காலத்தில் எனக்குள் ஒரு பெரிய துக்கம் இருந்தது. லில்லிக்கு முன்னால் ஒரு ஆண் பிள்ளை பிறந்து, காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்காக நான் உள்ளுக்குள்ளேயே அழுது கேட்டேன். உதடுகூட அசையவில்லை. அவன் போன பிறகு எனக்கு ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வாய் திறந்து கேட்டிருந்தால் ஆண்டவர் கொடுத்திருப்பாரோ?

வெள்ளிக்கிழமைகளில் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில் ஒன்றில், ஜெபக் கூட்டம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிப்பார்கள். என் முறை வந்தால் நான் "ஆமென்" என்று மட்டும் சொல்வேன். அதுவும் காற்று மாதிரித்தான் வரும். உபதேசியாருடைய சம்சாரம் நல்ல மனுஷி. அவர் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞானம், வாய் தொறந்து கேளும்மா. கேட்டாத்தானே குடுப்பாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது குத்திவிட்டது. அதற்குப் பிறகு கூட்டத்துக்குப் போகவில்லை. தனியாக ஜெபிக்கவும் மனம் வரவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிறவள் மாதிரி இருந்தேன். உள்ளே விளக்கு எரிகிறது, எல்லாரும் பாடுகிறார்கள், எனக்குத் தட்டத் தெரியவில்லை.

இனி மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மலையில் பனி இறங்கினால் பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்கிறவள் முகம் தெரியாது. ஆளைப் பார்க்க முடியாததால் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி குரல் கொடுத்துக்கொண்டே கொழுந்தெடுப்போம். மேல் நிரையில் ஒருத்தி "ஓய்" என்பாள். அடுத்தவள் அதை வாங்கி "ஓய்" என்பாள். அப்படியே கடைசி நிரைவரைக்கும் போகும். எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னிடம் வந்தால் மட்டும் அது நின்றுவிடும்.

சுப்பையா கங்காணி மேலேயிருந்து கத்துவார். "ஏம்மா ஞானம், இருக்கியா, பள்ளத்துல உருண்டுட்டியா?"

பக்கத்து நிரையில் காமாட்சி அக்கா இருப்பாள். அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவள், வாய் ஓயாதவள், என்மேல் உயிர். "இருக்கா கங்காணி! வாய மட்டும் லயத்துல வச்சுப் பூட்டிட்டு வந்துட்டா" என்பாள். மலையே சிரிக்கும்.

ஒருநாள் அவள் தன் ஆட்டின் கழுத்தில் கிடந்த இரண்டு மணிகளில் ஒன்றைக் கொண்டுவந்து என் கூடையில் கட்டிவிட்டாள்.

"இனிமே நீ பேசவே வேணாம்டி. நடந்தாப் போதும்."

"அப்ப எது ஞானம், எது ஆடுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்று கீழ் நிரையில் ஒருத்தி கேட்டாள்.

"வழியில புழுக்கை கெடந்தா ஆடு!"

நானும் சிரித்தேன். ஆனாலும் எனக்கு அது பெரிய வெட்கம். ஜெபத்தில் வாய் திறக்காதவள், மலையில் மணி கட்டியவள். கழற்றிவிடலாம் என்றால் கங்காணி விடவில்லை. பனியில் நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிகிறதாம்.

அந்த மணியை லில்லிக்கு மட்டும் பிடிக்கும். பகலில் அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவேன். வேலைக்குப் போகிற தாய்மாருடைய பிள்ளைகளை அங்கே ஒரு ஆயம்மா பார்த்துக்கொள்வார். சாயங்காலம் கூடை நிறையக் கொழுந்தோடு, தலையில் கயிறு அழுத்த, நான் நிறுவைக்கு ஏறி வருவேன். பாரத்தில் கால் மெதுவாகத்தான் வரும். ஒரு அடிக்கு ஒரு சத்தம். டொண். கொஞ்சம் பொறுத்து, டொண். அதைக் கேட்டு லில்லி வேலியோரம் ஓடி வருவாள். என் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டோம். அவளும் என்னைப்போலத்தான். வேற்று ஆள் உரக்கப் பேசினால் எதற்காவது பின்னால் போய் ஒளிந்துகொள்வாள்.

அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு பனி ஆற்றுப் பக்கமிருந்து ஏறியது. புகை மாதிரி வந்து, பால் மாதிரி நின்றது. கையில் பறித்த கொழுந்து தெரிகிறது, கைக்கு அப்பால் உலகமே இல்லை. அந்த நேரத்தில்தான் ஆயம்மாவின் அழுகைச் சத்தம் கேட்டது. ஒரு கைப்பிள்ளை வாந்தி எடுத்ததென்று அதைக் கழுவிக்கொண்டிருந்தாராம். திரும்பிப் பார்த்தால் வேலிப் படல் திறந்திருக்கிறது, லில்லியைக் காணவில்லை.

நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஸ்டோரிலிருந்து யாக்கோபும் ஆட்களும் வந்தார்கள். எல்லாரும் கூப்பிட்டார்கள். "லில்லி! லில்லி!" மலையில் கூப்பிட்டால் எதிர் மலையும் கூப்பிடும். பனிக்குள் எந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பெரியவர்களுக்கே தெரியவில்லை. இடையிடையே ஆற்றின் இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்டது. அந்த இரைச்சல் கேட்கும்போதெல்லாம் யாக்கோபு என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன்.

காமாட்சி அக்கா தன் கூடையோடு என் கூடையையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மணியைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்தது. அவிழ்த்துக் கையில் எடுத்து, வேகவேகமாக ஆட்டிக்கொண்டே நிரைகளுக்குள் ஓடினேன். பிள்ளை வரவில்லை. ஒரு அசைவும் இல்லை.

"கூப்பிடுடி! பெத்தவ நீ கூப்பிட்டாத்தான் வருவா. கூப்பிடுடி என் ராசாத்தி!" காமாட்சி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வாயைத் திறந்தேன். மூச்சுத்தான் வந்தது.

ஒரு தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஜெபித்தேன். உள்ளுக்குள்ளேதான். "ஆண்டவரே, ஒரே ஒரு தடவை எனக்குச் சத்தம் கொடும். அவனுக்காகக் கேட்கத் தெரியாமல் போய்விட்டது. இவளுக்காகவாவது என் வாயைத் திறந்துவிடும்."

சத்தம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். வெளிச்சம் தெரியவில்லை, யாரும் என் பேர் சொல்லி அழைக்கவில்லை. பனி என் முகத்தில் வந்து பட்டது. ஈரக் கையால் யாரோ தடவுவது போல இருந்தது. நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்போது ஒன்று தோன்றியது. தினமும் செய்கிறதைச் செய். வேறொன்றும் வேண்டாம், தினமும் செய்கிறதைச் செய்.

எழுந்தேன். மணியைப் பழையபடி கூடையில் கட்டினேன். நிறைந்த கூடையை முதுகில் ஏற்றி, கயிற்றைத் தலையில் மாட்டினேன். பிறகு கங்காணியிடம் போய் அவர் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து, மெல்லச் சொன்னேன்.

"சத்தம் போட வேணாங்க கங்காணி. யாரும் சத்தம் போட வேணாம்."

என் வாயிலிருந்து ஒரு முழு வார்த்தையை அவர் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார். என் முகத்தையும் கூடையையும் பார்த்தார். பக்கத்தில் நின்றவளிடம் "சத்தம் போடாதே, அடுத்த ஆளுக்குச் சொல்லு" என்றார். அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். ஆள் மாற்றி ஆள், நிரை மாற்றி நிரை, அந்தச் சொல் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. எப்போதும் என்னிடம் வந்து நின்றுபோகிற குரல், அன்றைக்கு என்னிடமிருந்து புறப்பட்டது.

மலை அமைதியானது. அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அறியேன். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஆறுகூடத் தூரமாகப் போய்விட்ட மாதிரி இருந்தது.

நான் நடந்தேன். பிள்ளைக் காம்பராவுக்குக் கீழே, ஆற்றை நோக்கி இறங்குகிற பாதையில். ஓடவில்லை. பாரம் எப்படி நடக்க விடுகிறதோ அப்படி நடந்தேன். டொண். ஆண்டவரே. டொண். என் லில்லி. அவ்வளவுதான் ஜெபம். கீழே தரை தெரியவில்லை, கால் வைத்த பிறகுதான் தரை வந்தது. மேகத்துக்குள் நடக்கிறேனா, தூங்குகிறேனா என்று தெரியவில்லை. ஆனால் பயம் இல்லை. பக்கத்தில் ஒருவர் என் நடைக்குச் சரியாக நடந்து வருகிறார் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வளைவு தாண்டியதும் படங்குச் சாக்கின் நுனி இழுபட்டது.

குனிந்து பார்த்தேன். சின்னக் கை. சேறு. என் பிள்ளை, எப்போதும் போலச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் நின்றேன், மணியும் நின்றது. பனிக்குள் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குச் சொல்ல வேண்டுமே. வாயைத் திறந்தேன்.

"ஓய்!"

பெரிய சத்தம் இல்லை. ஆனாலும் வந்தது. பக்கத்திலிருந்து "ஓய்!" என்று காமாட்சி அக்கா அழுகையோடு வாங்கினாள். அதற்கு மேலே ஒருத்தி, அதற்கு மேலே ஒருத்தி, எல்லாவற்றுக்கும் மேலே கங்காணியின் குரல். மலையே பதில் சொன்னது.

பிறகு மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், லில்லியை நடுவில் உட்காரவைத்து எல்லாரும் சுற்றி நின்றோம். யாக்கோபு மெதுவாகக் கேட்டார். "ஏம்மா வெளிய போனே?"

"மணி கேட்டுச்சு. அம்மான்னு போனேன். அம்மா இல்ல, ஆடு."

"அடப்பாவி, என் ஆடா?" என்று காமாட்சி அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "இன்னைக்கே அதக் கறி போட்டுர்றேன்!"

அதைக் கேட்டதும் லில்லி ஓவென்று அழ, "இல்லடி தங்கம், போடமாட்டேன், அது பாட்டுக்குத் திங்கட்டும்" என்று அவளையே சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

"அவ்வளவு பேர் கூப்பிட்டோமே, ஏன் வரல?" என்றார் யாக்கோபு.

"எல்லாரும் கத்துனாங்க. செடிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன்."

நான் குனிந்து அவள் காதருகே கேட்டேன். "முதல்ல நான் கையில மணி ஆட்டுனேனே, கேக்கலியா?"

"கேட்டுச்சு. அது ஓடுற மணி. ஆட்டு மணி." என்னை ஏதோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அம்மா மணி நடக்கும்."

அந்த வெள்ளிக்கிழமை நான் ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். காமாட்சி அக்காவும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். "உங்க சாமிக்கும் ஒரு நன்றி சொல்லணுமில்ல" என்றாள். என் முறை வந்தது. "ஆமென்" என்றேன். அவ்வளவுதான். உபதேசியார் சம்சாரம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நான் சொன்னத மறந்துரு ஞானம்" என்றார். சாத்திய கதவு என்று நான் நினைத்திருந்தேனே, அது சாத்தவே இல்லை. நான் வெளியே நின்றும் இல்லை.

என் முதல் பிள்ளை ஏன் போனான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவள் மாதிரி எழுதமாட்டேன். ஆனால் நான் அன்று கேட்டது அவர் காதில் விழவில்லை என்று இனிச் சொல்லமாட்டேன். அவனுக்காக நான் உள்ளே அழுததும் அவருக்குக் கேட்டிருக்கிறது.

மணியை நான் கழற்றவில்லை. கூடை பழசாகிப் போனால் புதுக் கூடையில் கட்டிக்கொள்வேன். வேலையிலிருந்து நிற்கும்வரைக்கும் அதுதான் என் ஜெப வேளை. விடியலில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போகும்போது ஒரு அடிக்கு ஒரு சொல். ஏறும்போது நன்றி, இறங்கும்போது யாருடைய பேராவது. வறண்டுபோன மனம் அப்படித்தான் திரும்பத் துளிர்த்தது. தனியாக நேரம் ஒதுக்கி அல்ல, பாரம் சுமந்துகொண்டே. இப்போது கூடை இல்லை. குடத்தோடு, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய் வருகிறேன். அந்த நடையும் போதும்.

வாய் வராத என் சகோதரிகளே, கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது குனிந்துகொள்கிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதினேன். பெரிய வார்த்தை தேடி அலையாதீர்கள். தினமும் சுமக்கிறதைச் சுமந்து, தினமும் போகிற வழியிலேயே, அவரை நினைத்து நடந்து பாருங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு, பனிக்குள்ளே, தாயின் நடை தெரிந்தது. நம்மை உண்டாக்கினவருக்கு நம் நடை தெரியாதா?

எனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தோடு நிறுத்துகிறேன்.

ஆமென்.