மேற்படி கோபுரம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கிரைண்டருக்குப் புது பெல்ட் மாட்டியது. இராஜபாளையத்தில், எங்கள் வீட்டு அடுப்படியில். நான் கிரைண்டரைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். அவர் தரையில் படுத்து பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க டவரு மூணு கால்லதான் நிக்கி. நாலாவது கால் வாய்க்கால்ல தண்ணி குடிக்கப் போயிருக்கு."

சுந்தரபாண்டியம் ஊர் விவசாயி சீனிச்சாமி. அவர் வயலில் நிற்கும் மின்கோபுரத்தின் அடிமண்ணை வாய்க்கால் அரித்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன் கான்கிரீட் போடாவிட்டால் சாய்ந்துவிடும்.

"நம்ம லைன்தானவே, பாத்துக்கிடுதேன்" என்றார் அப்பா.

அப்பா தேவஇரக்கம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். எந்தக் கம்பியைக் காட்டினாலும் நம்ம லைன் என்பார். வாரியத்தைப் பிரித்து, உயரழுத்தக் கம்பிகளை ஒரு கம்பெனிக்கும் மற்றவற்றை இன்னொரு கம்பெனிக்கும் கொடுத்த பிறகும் அப்படித்தான். அவரை உயரழுத்தக் கம்பெனியில் போட்டிருந்தார்கள்.

சீனிச்சாமி வயல் கோபுரம் உயரழுத்தத்துக்குக் கட்டியது. அதில் இப்போது ஓடுவதோ குறைந்த அழுத்தம், மற்ற கம்பெனியுடையது. நான் மின்பொறியியல் படித்தவள். இதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு லோடு ஜல்லி, சிமென்ட், வாய்க்கால் பக்கம் ஒரு தடுப்புச் சுவர். சிக்கல் ஒரு வார்த்தையில் வந்தது. "நமது கோபுரம்" என்று அப்பா எழுதிய அறிக்கையை அவருடைய அதிகாரி திருப்பித் தந்தார்.

"நமதுன்னு எழுதினா செலவு நம்ம தலையில விழும்யா. மேற்படி கோபுரம்னு போடும்."

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர், மற்ற கம்பெனியின் அலுவலகம். நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். அங்கே உதவிப் பொறியாளர் விக்னேஸ்வரன், அப்பாவுக்குப் பழக்கமானவர்.

"டவர் உங்களுதுல்லா அண்ணாச்சி."

"ஓடுற கரண்டு உங்களுதுல்லா தம்பி."

"அப்ப கரண்டு கீழ விழாம நாங்க பாத்துக்கிடுதோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "விழுந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் விழும். கீழ சீனிச்சாமி பொண்டாட்டி களையெடுத்துக்கிட்டு இருப்பா."

இரண்டு அலுவலகத்துக்கும் மாறி மாறி அலைந்தார். ஒருவழியாக, இரு கம்பெனியும் சேர்ந்து வந்து வியாழக்கிழமை பார்வையிடுவதென்று முடிவானது. கோபுரத்தின் கால் வெளியே தெரிய வேண்டுமானால் முந்தின நாளே வாய்க்காலை அடைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் சட்டைக்குப் பொத்தான் போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு கம்பெனியிலிருந்தும் தனித்தனி மாலை வந்தது. நாளைக்குப் பார்வையிடப் போவீர்கள்தானே என்று மாலையோடு வந்த விக்னேஸ்வரனிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி இல்லாம எப்படிம்மா? அந்தக் கம்பெனியில அவங்க இடத்துக்கு வேற ஆளு போடணும். பொறவுதான் தேதி."

அன்று சாயங்காலம்தான், வாய்க்காலை அடைக்கச் சொல்லி அப்பா சீனிச்சாமிக்குப் போன் செய்வதாக இருந்தது.