தப்புகளை எழுதிய நோட்டு

“…எழுதச் சொன்னேன்னு இவரு சொல்றாரு. நான் எதுக்குங்கய்யா சொல்லப்போறேன்? அது அவரோட சொந்த நோட்டு. ஆஸ்பத்திரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க” என்றார் எங்கள் டாக்டர்.

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டரோ சுவரில் தொங்கிய குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கொடுக்கும் சன்னல் என் பொறுப்பில் இருந்தது. கட்டுப் போடுகிற ஆளாகச் சேர்ந்தவன் நான். பாட்டில்களில் ஒட்டியிருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தே மருந்து கற்றேன். கம்பவுண்டர் பதவிக்கு ஆளே வராததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. முறையாகப் படித்தவனில்லை என்பதால், யாராவது ஊதினால் போய்விடும் வேலை அது.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுவரெல்லாம் புதுக் கட்சியின் எழுத்து. வயலிலோ அதே பழைய சண்டை. கூலி உயர்வு கேட்டு ஒரு வரப்பில் செங்கொடி நட்டிருப்பார்கள். அடுத்த வரப்பில், மிராசுதார் லாரியில் கொண்டுவந்து இறக்கிய வெளியூர் ஆட்கள் நிற்பார்கள். ஒருநாள் வயலை விட்டு நகர்ந்தால் போதும், அந்த இடத்தில் வேறொருத்தி குனிந்துவிடுவாள். அதனால் நடவுக் காலத்தில் காய்ச்சலோ பேதியோ, தெருவுக்கு ஒரே ஒருத்தர்தான் மருந்து வாங்க வருவார்.

அப்படி ஒரு தெருவுக்காக வருகிறவர் ஒரு அக்கா. காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வயல் தண்ணீரில் கரைந்துவிடும் என்று, வீட்டுக்கு ஒரு முடிச்சாக மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொள்வார். நுனி முடிச்சு தெருக்கோடி வீட்டுக்கு. மேலே வர வர, தெருவின் முதல் வீடு.

“மாத்திரைக்கு மூஞ்சியா இருக்கு தம்பி, பாத்ததும் அடையாளம் தெரிய? எல்லாம் வெள்ளைக்காரனுவ மாதிரி ஒண்ணுபோல இருக்கு. என் முடிச்சுதான் அதுங்களுக்கு வீட்டு நம்பரு” என்பார். இப்படிப் பேசுகிறவரை யாருக்குத்தான் கடிந்துகொள்ள மனசு வரும்?

ஒருமுறை, எது யாருக்கு என்று திருப்பிச் சொல்லச் சொன்னபோது இரண்டு முடிச்சுகளை மாற்றிச் சொன்னார். சன்னலிலேயே சரிசெய்துவிட்டேன். இருந்தாலும் மனசு கேட்காமல் டாக்டரிடம் சொன்னேன். பட்டணத்திலிருந்து புதிதாக வந்தவர். திட்டுவார் என்று நினைத்தேன்.

“உக்காருங்க. ஒரு நோட்டு போடுங்க. யாரு செஞ்சாங்கன்னு எழுத வேணாம், எப்படி நடந்துச்சுன்னு எழுதுங்க. அப்பத்தான் அடுத்த தடவை தடுக்க முடியும். இதனால யாருக்கும் ஒண்ணும் வராது, நான் இருக்கேன்” என்றார். போன வாரம் ஒரு குழந்தைக்குப் பெரியவர்களின் அளவில் மருந்து எழுதிவிட்டு, நான் சன்னலிலிருந்து வந்து கேட்டதும் திருத்தியிருந்தார். “முதல்ல என் தப்புதான்” என்று சிரித்துக்கொண்டே அதைத் தன் கையாலேயே முதல் பக்கத்தில் எழுதினார்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று நான் உருகிப்போனேன். அதற்குப் பிறகு எதையும் மறைக்கவில்லை. நான் பாட்டில் மாற்றி ஊற்றப்போனது, தேதி தாண்டிய மருந்தைக் கவனிக்காதது, முடிச்சு விவகாரம், எல்லாம் எழுதினேன். முடிச்சுக்குப் பதிலாகச் சின்ன டப்பாக்கள் கேட்டு மேலே எழுதுவதாக டாக்டர் சொன்னார். டப்பா வரவில்லை. ஐப்பசி மழைதான் வந்தது.

அக்கா தொப்பலாக நனைந்து வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றியிருக்கிறார். நுனி முடிச்சு ஈரத்தில் இறுகிவிட்டது. அதனால் மேல் முடிச்சிலிருந்து அவிழ்த்து, புதுச் சேலையின் நுனியிலிருந்து முடிந்துகொண்டே வந்திருக்கிறார். தெருவே தலைகீழாகிவிட்டது. முதல் வீட்டுப் பெரியவரின் சர்க்கரை வியாதி மாத்திரை, காய்ச்சலில் இருந்த கோடி வீட்டுப் பெண்ணுக்குப் போனது. அவள் அதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு நடவுக்குப் போய், சேற்றில் முகம் குப்புற விழுந்தாள்.

கட்டிலோடு தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்து, பல் கிட்டிப்போயிருந்தது. டாக்டர் நாடியைப் பிடித்தபடியே என்னிடம் கேட்டார்: “நோட்டுல முடிச்சு மாறினதுன்னு எழுதியிருந்தீங்களே, அது மாதிரி ஏதாவது?” கூடவே ஓடிவந்திருந்த அக்காவிடம் கேட்டேன். சேலை மாற்றி முடிந்ததைச் சொன்னார். கோடி வீட்டுக்குப் போனது சர்க்கரை வியாதி மாத்திரை என்று புரிந்தது. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து, “என் நாத்துக்கட்டு எங்க?” என்றாள்.

“அந்த நோட்டு இல்லேன்னா இந்தப் பொண்ணு போயிருக்கும்” என்று டாக்டர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை நம்பித்தான் கெட்டேன்.

மிராசுதார் சொல்லி ஆஸ்பத்திரியில் விஷம் கொடுத்துவிட்டார்கள் என்று, கூலி உயர்வு கேட்ட சங்கத்தார் வாசலில் உட்கார்ந்தார்கள். சங்கம் வேலைக்கு விடாமல் பட்டினி போட்டதால்தான் மயங்கினாள் என்று மிராசுதார் பக்கம் மனு போட்டது. அதிகாரி வந்தார். “தம்பி மேல தப்பில்லீங்க. என் சேலதான் பண்ணுச்சு. வேணும்னா அதுக்கு வெலங்கு மாட்டுங்க” என்று அக்கா சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

நோட்டை நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன், பெருமையாக. அதிகாரி கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். முடிச்சு பற்றிய பக்கத்தில் நிறுத்தினார்.

“தெரிஞ்சேதான் விட்டிருக்கீங்க. உங்க கையாலயே எழுதியும் வச்சிருக்கீங்க. வேலைக்கு உலை வைக்க இது ஒண்ணு போதுமே. யாரு இதெல்லாம் எழுதச் சொன்னது?”

நான் டாக்டரைக் காட்டினேன். அதற்குத்தான் அவர், அது என் சொந்த நோட்டு என்று சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகு யாரும் எந்தத் தப்பையும் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். தப்பே நடக்கவில்லை என்றா அர்த்தம்?

அன்றைக்கு, டாக்டர் அப்படிச் சொன்ன நேரத்தில் வாசலில் கோஷம் வலுத்தது. அதிகாரி நோட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அறையில் நானும் டாக்டரும் மட்டும். எனக்கு அப்போதுதான் அந்த முதல் பக்கம் ஞாபகம் வந்தது. அதிகாரியிடம் ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். நான் டாக்டரிடமே அனுமதி கேட்டேன்.

“சார், மொத பக்கம் உங்க கையெழுத்துல இருக்குங்களே. அதைக் காட்டினா என் வேலை தப்பிச்சிரும். காட்டட்டுங்களா?”

டாக்டர் எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். திரும்பி வந்து நோட்டைத் திறந்தார். முதல் தாளைத் தையலை ஒட்டி, சத்தம் வராமல் மெல்ல மெல்லக் கிழித்து எடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து, “ஐயா, நோட்டை மறந்துட்டீங்களே” என்று அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.