றெக்கை இல்லாத ஃபேன்

ஒரு கோடைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்து ஃபேனுக்கு றெக்கை கிடையாது. கம்பியும் அதன் நுனியில் குண்டு மோட்டாரும் மட்டும் தொங்கும். மதுராந்தகத்து வெயிலில் வியர்த்துக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள் முதலில் சுவிட்சைப் பார்ப்பார்கள், பிறகு மேலே பார்ப்பார்கள், பிறகு எங்களைப் பார்ப்பார்கள்.

காரணம் எங்கள் சங்கம். வௌவால்களை ஆராய்ந்து பாதுகாப்பதற்கான சங்கம் என்று கேட்டில் நீளமாக ஒரு போர்டு இருக்கும். தலைவர் அப்பா. செயலாளர் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. பொருளாளர் என்று அம்மாவின் பெயரை அவளைக் கேட்காமலே எழுதியிருந்தார்கள். பொருள் ஒன்றும் இல்லாததால் அவள் கோபத்தை மட்டும் பொறுப்பாகச் சேமித்து வந்தாள். உறுப்பினர், ஆறாம் வகுப்பு படித்த நான்.

அப்பாவுக்கு மின்வாரியத்தில் லைன்மேன் வேலை. ஏரிக்கரை மரங்களில் பகலெல்லாம் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் பொழுது சாய்ந்ததும் கிளம்பும்போது, சில கம்பியில் அடிபட்டு அப்படியே கருகித் தொங்கிவிடும். அவற்றை இறக்குவது அப்பாவின் வேலை. விலங்கியல் படித்த அத்தைக்கு, எந்த இடத்துக் கம்பியில் அடிபடுகிறது என்று குறித்து, அந்தக் கம்பிக்கு உறை போடச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக நடப்பது வேலை. சங்கம் என்றால் இவ்வளவுதான்.

அந்த மாசியில் அப்பா இறக்கிய ஒரு தாய் வௌவாலின் நெஞ்சில் குட்டி ஒன்று உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வனத்துறையில் சொல்லிவிட்டு அத்தை அதை வீட்டிலேயே வளர்த்தாள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, துண்டில் தலைகீழாகத் தொங்கவிட்டு, சொட்டுக் குழாயில் பால் கொடுப்பாள். என்னைக் கிட்டே விடமாட்டாள். குட்டி வளர்ந்து கூடத்தில் பறந்து பழகத் தொடங்கியதும், அப்பா ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் றெக்கைகளைக் கழற்றிப் பரண்மேல் வைத்தார்.

"வெயில்ல மனுசங்க செத்தா பரவால்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"மனுசனுக்கு விசிறி கீது" என்றார் தலைவர்.

அம்மாவின் கவலை வேறு. அத்தையைப் பெண் பார்க்க வந்த யாரும் போர்டைத் தாண்டிப் பேச்சை வளர்க்கவில்லை. கேட்டிலேயே திரும்பிப் போனவர்களும் உண்டு. அதனால் கடப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது என்றதும் அம்மா முன்னேற்பாடுகளில் இறங்கினாள். மீன் வியாபாரக் குடும்பம், பையன் ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறவர். போர்டின்மேல் ஒரு ஈரப் புடவை காயப் போடப்பட்டது. குட்டி அத்தையின் அறைக்குள் அடைக்கப்பட்டது. வௌவால் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். "இந்த எடமும் போச்சுன்னா நான் என் அம்மா வூட்டுக்குப் பூடுவேன்" என்றும் சொல்லி வைத்தாள். 

மதியம் வரவேண்டியவர்கள் படாளம் பக்கம் லாரி கவிழ்ந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு பொழுது சாயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வௌவாலுக்கு அது விடியும் நேரம். உள்ளே குட்டி கதவில் மோதும் சத்தம் கேட்கத் தொடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"றெக்கை எங்கம்மா?"

"ரிப்பேருக்குக் குட்த்துகிறோம்" என்றாள் அம்மா.

"உள்ள இன்னா அப்படி அட்ச்சிகினு கீது?"

அம்மா பதில் தேடுவதற்குள் அத்தை காபித் தட்டைக் கீழே வைத்தாள். "ரிப்பேரு இல்லீங்க. நாங்கதான் கழட்டி வெச்சோம். பொய் சொல்லிக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல" என்று போய் அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

எத்தனையோ மாலைகளில் பார்த்த காட்சிதான். ஆனாலும் அன்றைக்குப் புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது. ஜன்னலில் வந்த கடைசி வெளிச்சத்தில் அது கூடத்துக்குள் வந்தது. இறக்கை விரிந்தபோது அதனூடே வெளிச்சம் செம்பு நிறத்தில் தெரிந்தது. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தன. ஒரு கையை இவ்வளவு பெரிதாக்கிப் பறக்க விட்டது யார் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சரியாக மாப்பிள்ளையின் தலைக்குமேல், ஃபேன் கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்கியது. தொங்கியதோடு நிற்காமல் அவருடைய வெள்ளைச் சட்டையில் மூத்திரமும் பெய்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வந்தவர்களில் ஒரு மாமா மட்டும், "வௌவால் வூட்டுக்கு விருந்து வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குதான்" என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்ட மாப்பிள்ளையின் அம்மா அதை மெல்ல விலக்கிப் பார்த்தார். நரி மூஞ்சியும் பெரிய பழுப்புக் கண்ணுமாகக் குட்டியும் அவரைப் பார்த்தது. "யம்மாடி, கொழந்த கண்ணாட்டம் கீதே" என்றவர், அப்படியே கை கூப்பினார்.

மாப்பிள்ளை அசையவே இல்லை. அசைந்தால் அது பயந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. தலையை மட்டும் அண்ணாந்து, தாழ்ந்த குரலில் அத்தையிடம் கேட்டார்.

"எங்கூர்ல பனை ஓலைக்கு அடியில சின்னதா ஒண்ணு தொங்கினு கீது. அது இன்னா வகை?"

"ஓலையக் கடிச்சு மடக்கிக் குடிசையாட்டம் வெச்சுகினு கீதா?"

"ஆமா. உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அத்தை பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. எல்லாம் கெட்டது என்று அம்மா அடுக்களையில் அழுதுகொண்டிருந்தபோது, அவர்கள் போகிற வழியில் கேட்டில் நின்று, புடவையை விலக்கிப் போர்டை முழுதாகப் படித்துவிட்டுப் போனார்கள். சம்மதம் என்று மறுநாளே போன் வந்தது.

ஆனி கடைசியில் குட்டியை ஏரிக்கரையில் விட்டோம். அது அத்தையின் கையுறையிலிருந்து மரக்கிளைக்குத் தாவி வெகுநேரம் அங்கேயே தொங்கியது. பிறகு மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்து மேலே போவதுபோல வௌவால்கள் கிளம்பின. ஏரிக்கு மேலே வானமே நகர்ந்தது. அம்மாகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பா, எப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிளையைப் பார்த்தால் நம்முடையதைக் காணோம். அத்தனை கூட்டத்தில் எது நம்முடையது என்று கேட்டு நான் அழுதேன். எல்லாமே நம்முடையதுதான் என்றாள் அத்தை.

ஆவணியில் கல்யாணம் முடிந்து அத்தை கடப்பாக்கம் போனாள். ஃபேனை எல்லாருமே மறந்துவிட்டோம். புரட்டாசிப் புழுக்கத்தில் ஒருநாள் அம்மா பரணிலிருந்து றெக்கைகளை இறக்கி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டவைத்தாள். கூடத்தில் காற்று வந்தது. நான் தரையில் மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் விரித்துக்கொண்டேன்.

வேலை முடிந்து வந்த அப்பா கூடத்தில் நின்று சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஒவ்வொரு றெக்கையாகக் கழற்றத் தொடங்கினார்.

"ஏம்பா கழட்ற?" என்றேன்.

"இன்னொரு குட்டி கிட்டி வந்தா?"

அம்மா வாயைத் திறந்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, றெக்கைகளைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இப்ப குட்டி போட்ற காலமே இல்லப்பா, மாசிக்கு மேலதான்" என்று நான் எடுத்துச் சொன்னேன். அத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அப்பா அத்தையின் காலி அறையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசி றெக்கையைக் கழற்றினார். சங்கத்தின் தலைவருக்கே இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லையே என்று எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.